குட்டையாய் நின்ற களைநெல்

அன்புள்ள தம்பி,

"ஏங்க்கா, நெல்லுக்கு நெல்லே களையா வருமா?" என்று வரப்பில் நின்று கேட்டாயே, நினைவிருக்கிறதா? நெட்டையாய்த் தெரிந்த களைநெல்லை எல்லாம் அன்றே பிடுங்கினாய். "நீ நெட்டையன கடைசி பெஞ்சுல உக்கார வைப்ப. நான் வயல விட்டே துரத்திட்டேன்" என்று டீச்சரான என்னிடம் கேலி வேறு.

நேற்று நீ இல்லாதபோது வந்தேன். அறுக்காமல் விட்ட மூலையில், உன் பயிரின் உயரமே இருந்த ஒரு கதிரைத் தொட்டேன், பொலபொலவென்று உதிர்ந்தது. உமிக்குள் அரிசி சிவப்பு. நீ விதைத்தது வெள்ளை.

வகுப்பில் சத்தம் போடுகிறவன் உடனே மாட்டிக்கொள்வான். முதல் வரிசையில் கைகட்டி உட்கார்ந்து குறும்பு செய்கிறவன் லேசில் அகப்பட மாட்டான். களைநெல்லும் அப்படித்தான். ஒன்று நெட்டையாய் வளரும், ஒன்றுக்கு நெல்மணியின் நுனியில் மீசை இருக்கும், இன்னொன்று அசல் பயிராகவே நிற்கும்.

அந்த வயலில் அறுத்து, களத்தில் குவித்திருந்த விதைநெல்லிலும் இது கலந்திருக்குமோ என்று கைவைத்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

நாளை மறுநாள் பக்கத்து வயல்காரர்கள் விதைக்கு வருகிறார்கள். அவர்கள் மண்ணில் இது ஒருமுறை உதிர்ந்தால் வருஷக்கணக்கில் முளைத்துக்கொண்டே இருக்கும். "இந்த விதை நல்லா வந்தாத்தான் இவரு தலை நிமிருவாரு அண்ணி" என்று உன் மனைவி சொன்னாள். போனில் சொன்னால் நீ பாதியிலேயே வைத்துவிடுவாய், அதனால்தான் இதை எழுதி ஆள் மூலம் அனுப்புகிறேன்.

யாருக்கும் அளந்து கொடுக்கும் முன், குவியலின் அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து, உமியைத் தேய்த்து, அரிசியின் நிறத்தைப் பார்.

உன் அக்கா