நீலம் மாறாத குழாய்

12 மார்ச் 1957, செவ்வாய்

மயக்கம் வருகிறது என்று எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்த வைத்திக்குப்பத்து மீன்காரி செல்வி, சிறுநீரை வீட்டுக் குப்பியில் கொண்டுவந்திருந்தாள். ஆய்வகத்தில் அதைக் குழாயில் ஊற்றி மயில்துத்தக் கரைசலோடு சேர்த்துக் காய்ச்சினேன்; சர்க்கரை இருந்தால் கரைசலின் நீலம் மாறும். நீலம் செங்கல் நிறமானது. சர்க்கரை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இன்சுலின் போடப் போன நர்ஸ் மேரி ஊசியோடு திரும்பி வந்தார். குப்பியை முகர்ந்து பார்த்தார்.

"இதுல முன்னாடி என்னம்மா இருந்துச்சு?"

"தேனுதாம்மா. அலசிட்டுத்தான் கொண்டாந்தேன்" என்றாள் செல்வி.

எங்கள் கண்ணாடிக் குவளையில் மறுபடி பிடித்துவரச் சொல்லிக் காய்ச்சினேன். நீலம் அப்படியே இருந்தது. சர்க்கரை இல்லாத உடம்பில் அந்த ஊசி ஏறியிருந்தால்...

"நல்லா இருப்பீங்க ஐயா" என்று செல்வி என்னைத்தான் கும்பிட்டாள். பக்கத்தில் நின்ற மேரி போடாத ஊசியைக் கழுவிக்கொண்டிருந்தார். காப்பாற்றியது அவர்தான் என்று சொல்லாமல் அந்தக் கும்பிடை நானே வாங்கிக்கொண்டேன். நாளை காலை டாக்டர் முன்னால் மேரியைக் கும்பிட வேண்டும்.