பாண்காரன் பாட்டு என்று நான் சிரித்தது

இஞ்சாருங்கோ,

உயிரோடு இருந்தபோது ஒரு நாளும் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது மட்டும் எப்படி வரும்?

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து நாலு மாதமாகிவிட்டது. இந்தக் குளிர் நாட்டில், பிளாஸ்டோ வீட்டில் நானும் ஹீட்டரும்தான். மோர்டனில் இருந்து தங்கச்சி கிழமைக்கு ஒருமுறை வந்து, "அக்கா, எங்களோட வந்து இருங்கோவன்" என்கிறாள். மாட்டேன் என்றுவிட்டேன். வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் நீங்கள் வந்து பார்த்து ஏமாந்து போவீர்களே! பைத்தியக் கதை என்று தெரியும். சிரிக்க வேண்டாம்.

போன சனிக்கிழமை மகள் துஷி வந்து உங்கள் மியூசிக் கீபோர்டைத் துடைத்தாள். அவள் சின்ன வயதில் பழகிப் பாதியில் கைவிட்டதை, அவளுடைய பழைய புத்தகங்களை வைத்து, பெற்றோல் ஸ்டேஷன் ஷிப்ட் முடிந்து வந்து நீங்கள் பழகினீர்கள். எப்போதும் அந்த ஒரே மெட்டு. நாங்கள் கொழும்புக்குப் போயிருந்தபோது தினமும் காலையில் பாண் ரொட்டி விற்கிற ஓட்டோ அதைத்தான் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் வரும். திரும்பி வந்து, விருந்துக்கு வந்த சனத்துக்கு முன்னால் நான் சொன்னது நினைவிருக்கிறதா?

"இது பாண்காரன்ர பாட்டெல்லோ! ரெண்டு றாத்தல் தாங்கோ!"

எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். மறுநாள் ஈஸ்ட் ஹாமுக்கு மரக்கறி வாங்கப் போனவர் ஒரு ஹெட்போனும் வாங்கி வந்தீர்கள். அதன்பிறகு இரண்டு வருடம் எனக்குக் கேட்டதெல்லாம் கட்டைகள் அமுங்குகிற டக் டக் சத்தம்தான். கரைச்சல் விட்டது என்றுகூட நினைத்தேன்.

அது என்ன பாட்டு என்று சனிக்கிழமைதான் துஷியிடம் கேட்டேன்.

"ஒரு ஜேர்மன்காரர் எழுதினது அம்மா. உயிரோட இருக்கேக்க வெளியில விடேல்லை. செத்துக் கன வருஷத்துக்குப் பிறகுதான் அச்சில வந்தது. ஒரு பொம்பிளைக்கெண்டு எழுதினவராம். அவ ஆரெண்டு இண்டைக்கும் சண்டை பிடிக்கினம்."

"அப்பாவுக்கு இதெல்லாம் தெரியுமோ?"

"தெரியாமலே? அவர் உங்களுக்கெண்டுதானே பழகினவர். அம்மா ஒருக்கா வாசிக்கச் சொல்லிக் கேட்டால் ஹெட்போனைக் கழட்டி வாசிப்பன் எண்டு சொல்லுவார்."

ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை நீங்கள்? கறியில் உப்புக் கூடினால்கூட வாய் திறக்காத மனுஷன் நீங்கள். அப்படிப்பட்டவரிடம் நான்தானே கேட்டிருக்க வேண்டும்? அடுத்த அறையில்தானே இருந்தேன்?

துஷி கோட்டைப் போட்டுக்கொண்டே, "பாவம், அந்தப் பொம்பிளை அதைக் கேட்டாவோ தெரியாது" என்றாள்.

"கேட்டிருக்கமாட்டா" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அந்த மெட்டை எனக்குப் பழக்குவதாகத் துஷி சொல்லியிருக்கிறாள். மூட்டு நோவோடு இந்த விரல்கள் எவ்வளவுக்கு வளையுமோ தெரியாது. ஆனாலும் பழகுவேன். பக்கத்து வீட்டுச் சனம் சுவரில் தட்டினாலும் தட்டட்டும், பிழை பிழையாக வந்தாலும் வரட்டும். நீங்கள் கேட்காமலே, சத்தமாக வாசிப்பேன்.

இப்படிக்கு,
துஷியின் அம்மா, உங்கள் மனைவி