ரைனர் கீறிய என் மூக்கு

எல்லிங்ஸ்ருட், ஒஸ்லோ
ஒக்டோபர், ஞாயிறு

அன்புள்ள மகன் கிருஷிகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் தங்கச்சி தக்சிலாவும் கடவுள் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம், குளிர் தொடங்கியதும் அப்பாவின் முழங்கால் மட்டும் முறைப்பாடு சொல்லத் தொடங்கிவிட்டது. உன் பேர்த் நகரத்தில் வெயில் ஏறத் தொடங்கியிருக்கும், நீயும் உடம்பிலும் மனதிலும் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கு ஏற்றும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். போனில் கதைத்தால் வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் ஓம் அம்மா, ஓம் அம்மா என்று சொல்லி வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். நாங்கள் போன கிழமை ஜேர்மனிக்குப் போய் வந்தது உனக்குத் தெரியும், ஏன் போனோம் என்பது தெரியாது.

எங்கள் கீழ்வீட்டில் இருக்கிற ரைனரை நீ வந்தபோது கண்டிருப்பாய், தாடி வைத்த உயரமான ஜேர்மன்காரர். அவர் பிராங்க்பேர்ட்டில் ஒரு நையாண்டிச் சஞ்சிகையில் முப்பது வருஷத்துக்கு மேல் கேலிப்படம் கீறியவர். காசல் நகரத்தில் இறைச்சிக்கடைக்காரரின் மகனாகப் பிறந்து, கடைக்கு வருகிற சனங்களை இறைச்சி சுற்றும் தாளிலேயே தொங்கும் கன்னமும் தொப்பையுமாகக் கீறி, அதற்குத் தகப்பனிடம் அடியும் வாங்கியவராம். சஞ்சிகைக்கு அனுப்பிய படங்கள் திரும்பித் திரும்பி வந்து, கடைசியில் ஒன்றைப் போட்டார்களாம், அதற்குப் பிறகு கடைசிப் பக்கம் அவருடையதாகிவிட்டது. மந்திரி, பாதிரியார், பொலிஸ் என்று ஒருவரையும் விடவில்லை. வழக்குப் போட்டார்கள், வீட்டுக் கதவில் சாணி எறிந்தார்கள், ஊர் ஊராகக் கூப்பிட்டு மாலையும் போட்டார்கள். பிறகு சஞ்சிகை விற்பனை விழுந்தது, புதிதாக வந்த ஆசிரியர் ஒருநாள் போனில் கூப்பிட்டு இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். மனைவி சொல்வைக் என்பவ நோர்வேக்காரி, அவவோடுதான் இங்கே வந்தவர், அவவும் இப்போது இல்லை. இங்கே அவர் யாரென்று ஒருவருக்கும் தெரியாது.

கட்டடத்துக்காரர் எல்லோரும் சேர்ந்து முற்றம் துப்புரவாக்குகிற டுக்னாட் அன்றுதான் நான் அவரோடு முதலில் கதைத்தேன். நோர்வே மொழியில் நல்லாகத்தான் கதைத்தார், நோர்வேக்கு எப்படி வந்தீர்கள் என்று கேட்டார். எண்பத்தாறாம் ஆண்டு கொழும்பிலிருந்து கிழக்கு பெர்லினில் வந்து இறங்கி, ரெயினில் மேற்கு பெர்லினுக்குப் போய், பிறகுதான் நோர்வே என்று சொன்னேன். மனுசன் அள்ளிய சருகை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். அதற்குப் பிறகு என்னைக் கண்டால் லிப்டில் ஏறாமல் படியால் போவார். என்ன பிழையாகச் சொன்னேன் என்று யோசித்து யோசித்து, கடைசியில் நானும் அவரைப் பார்க்காத மாதிரிப் போகப் பழகிவிட்டேன்.

இந்த வசந்தத்தில் ஒருநாள் கதவைத் தட்டினார், கையில் சுருட்டிய தாள். காசலில் தன்னுடைய படங்களையெல்லாம் சேர்த்துக் கண்காட்சி வைக்கிறார்கள், இந்தப் படத்தைத்தான் சுவரொட்டிக்குக் கேட்கிறார்கள், உங்களுக்குக் காட்டாமல் சம்மதம் சொல்ல முடியவில்லை என்று மேசையில் விரித்தார். பெர்லின் ஸ்டேஷன். கிழக்கிலிருந்து வந்த ரெயின் நிற்கிறது, அகதிகளை விடக்கூடாது என்று பேசித் திரிந்த கொழுத்த அமைச்சர் ஒருவர் எலியைக் கண்ட மாதிரிக் கதிரையில் ஏறி நின்று கத்துகிறார், கதவால் தமிழர்கள் பையோடு இறங்குகிறார்கள். அமைச்சர் வழக்குப் போட்டு, அந்த வழக்கால்தான் ரைனருக்குப் பெயரே வந்ததாம். அப்பா அமைச்சரைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை தம்பி. இறங்கி வருகிற அத்தனை பேருக்கும் ஒரே முகம், ஒரே பல்லு, எல்லோரும் ஆம்பிளைகள். அந்த ஸ்டேஷனில் சனங்கள் எங்களைப் பார்த்த பார்வை, ஆளாகப் பார்க்காமல் கூட்டமாகப் பார்த்த பார்வை, அப்படியே நெஞ்சில் வந்து நின்றது. இதிலை நான் ஆர் என்று கேட்டேன். அமைச்சரின்ரை புருவத்தை மயிர் மயிராக் கீறியிருக்கிறியள், எங்களுக்கு ஒரு முகம்தானே மிஞ்சினது என்றேன். அவர் குனிந்தபடி, அமைச்சரைப் பாக்க எத்தினையோ கூட்டத்துக்குப் போனனான், தமிழர் ஒருத்தரையும் நான் அப்ப கண்ணாலை கண்டதில்லை, பேப்பரிலை வாசிச்சுப்போட்டுக் கீறினனான் என்றார். வைத்த தேத்தண்ணியைக் குடிக்காமலே போய்விட்டார். வயது போன மனுசனை நோகடிச்சுப்போட்டாய் என்று அப்பா என்னோடு கோபம்.

இரண்டு கிழமை கழித்துத் திரும்ப வந்தார். அந்த ரெயினிலை இருந்தவையைச் சொல்லுங்கோ, நான் திருப்பிக் கீறப்போறன் என்றார். அவருக்கு இப்போது கை நடுக்கம், குளிசை போட்ட பிறகு காலையில் கொஞ்ச நேரம்தான் பென்சில் பிடிக்கலாம். உன் யோகலிங்கம் மாமா ஹொல்ம்லியாவிலிருந்து வந்தார், புருசெத்திலிருந்து ஞானமலர் அக்கா வந்தா. நாங்கள் மூன்று பேரும் அந்த ரெயினில் ஒரே பெட்டியில் வந்தவர்கள். வழி முழுக்கச் சத்தி எடுத்ததை மாமா சொன்னார். வயிற்றில் பிள்ளையோடு ஜனவரிக் குளிரில் செருப்போடு வந்ததை அக்கா சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டு வந்து, நடுவில் எழும்பிக் குசினிக்குப் போய்விட்டா. மாமாவின் கோட்டைப் போட்டு, அழுதால் பிடித்துவிடுவார்கள் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்ததை நானும் சொன்னேன். அப்பாவுக்குக்கூட நான் சொல்லாதது அது. ரைனர் எங்கள் முகத்தையே பார்த்துக் கீறிக்கொண்டிருந்தார்.

கோடை முழுக்கப் போய்ப் படம் முடிந்தது. எங்களை வடிவாகக் கீறியிருப்பார் என்று நினைத்துப் போன எங்களுக்கு நல்ல வேலை. மாமா தவளை வாயோடு தொப்பிக்குள் சத்தி எடுக்கிறார். ஞானமலர் அக்கா வயிற்றைத் தள்ளிக்கொண்டு அமைச்சரின் கதிரையை இழுக்கிறா, எனக்கும் இருக்க வேண்டும் என்கிற மாதிரி. நான் நிலத்தில் இழுபடும் கோட்டுக்குள், முன்னுக்கு ஒரு பெரிய மூக்கு, மூக்குக்குப் பின்னால் கோபமாக ஒரு பெட்டை. எனக்கென்ன இப்பிடியே வாய் என்று மாமா துள்ளினார். எனக்கு ஆரையும் வடிவாக் கீறத் தெரியாது, மந்திரியெண்டாலும் இப்பிடித்தான் என்றார் ரைனர். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அந்த ரெயினில் நானும் இருந்தேன் என்று யாரோ ஒருவர் இத்தனை வருஷத்துக்குப் பிறகு சாட்சி சொன்ன மாதிரி இருந்தது ராசா. கோடெல்லாம் நடுங்கியிருந்தது. ரெயின் ஓடுற மாதிரியே இருக்கு என்று சொல்லி மாமாவும் ஆறிவிட்டார்.

கண்காட்சிக்காரர்களுக்குப் புதுப் படம் பிடிக்கவில்லையாம். கோடு நடுங்குது, இது பழைய ரைனர் இல்லை என்றார்களாம். அப்ப பழைய ரைனரைக் கூப்பிட்டுக் கண்காட்சி வையுங்கோ, நான் வரேல்லை என்று போனை வைத்துவிட்டார். பிறகு அவர்களே இறங்கி வந்து, சுவரொட்டிக்கு வேறொரு படத்தைப் போட்டு, ரெயின் படங்கள் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார்கள். தனியாகப் பயணம் செய்ய அவரால் ஏலாது, அப்பாவும் நானும்தான் கூட்டிக்கொண்டு போனோம். ஒரே சனம். ஒரு ஜேர்மன் பெட்டை, உன் வயதுதான் இருக்கும், புதுப் படத்துக்கு முன்னால் நின்று நல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தவள் தற்செயலாகத் திரும்பினாள். என்னைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், திரும்ப என் மூக்கைப் பார்த்தாள், முகம் சிவந்துபோயிற்று. எனக்கு அந்த நேரம் நோர்வே மொழியும் வரவில்லை, இங்கிலீசும் வரவில்லை. ஓம் பிள்ளை, அது நான்தான் என்று தமிழிலேயே சொன்னேன். அவளுக்கு விளங்கிவிட்டது, வந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் ரைனர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

தக்சிலாவுக்கு அடுத்த மாதம் பரீட்சை, ஒரு மெசேஜ் போட்டு நல்ல வார்த்தை சொல்லு, அண்ணன் மறந்துபோனான் என்று முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள். வெயிலில் வேலை செய்யும்போது தண்ணீர் குடி, தொப்பி போடு. நோய்நொடி அண்டாமல், நல்ல மனிதர்கள் சூழ நீ நீடு வாழ வேண்டும் என்று அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம்.

என்றும் உன் நினைவோடு,
அம்மா பூரணி