சைக்கிள் மீட்டரில் போட்ட கழிவு

எத்தனை வயதானாலும் எனக்குச் சின்னவனாகவே இருந்த என் செல்வத்துக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன் கியர் சைக்கிளை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். சீட்டை இரண்டு விரல் இறக்கியிருக்கிறேன். ஐம்பத்தைந்து வயதில், சுடிதார் போட்டு, உன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, முதலமடை வாய்க்கால் ரோட்டில் விடிந்ததும் கிளம்பிவிடுகிறேன். சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

இதை உனக்கு மட்டும் எழுதவில்லை. உன் பெண்டாட்டி மல்லிகா படிப்பாள். நம் மாங்காய் வியாபாரிகளும் படிக்கட்டும். ஏன் என்று போகப்போகத் தெரியும்.

இந்த வருஷம் பூ தாமதம். மழை நின்றபாடில்லை, பனி இறங்கவில்லை. மரமெல்லாம் பச்சைத் தளிரைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. தோப்புக்காரர்கள் தளிரைக் காட்டியே பாட்டத்துக்கு, குத்தகைக்கு, விலை சொல்கிறார்கள். பூவைப் பார்க்காமல் நான் எந்தக் காலத்தில் தோப்பு பிடித்தேன்? காத்திருக்கிறேன். காத்திருப்பது எனக்கு வராது என்று உனக்குத் தெரியும். ஷெட்டைத் திறக்கிறேன், காலிப் பெட்டிகளை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு மாற்றி அடுக்கச் சொல்கிறேன், மறுபடி பூட்டுகிறேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. எதிரே உன் நாற்காலி இருக்கிறது. நீ போய்ச் சேர்ந்ததிலிருந்து அதில் யாரும் உட்காருவதில்லை, எடுத்துப் போடவும் எனக்கு மனசு வரவில்லை.

அடுத்த செய்தி. உனக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டது. போன சீசன் முடிந்த கையோடு நெஞ்சில் ஒரு கனம். கோயம்புத்தூரில் குழாய் விட்டுப் பார்த்து, அடைப்பு என்று சொல்லி, ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். நம் அப்பாவிடமிருந்து நமக்கு வந்த சொத்து இது ஒன்றுதான். ஆளுக்குச் சரிபாதி கிடைத்துவிட்டது.

உனக்குப் பார்த்த அதே டாக்டர். "நடங்கம்மா, இல்லாட்டி சைக்கிள் ஓட்டுங்க. ஆனா துடிப்பு நூத்தியிருபதுக்கு மேல போகக்கூடாது" என்றார். நடந்து பார்த்தேன். நடந்தால் போன் வருகிறது. போன் வந்தால் நின்றுவிடுகிறேன், நின்றால் சண்டை போடுகிறேன். சண்டை போட்டால் துடிப்பு எங்கே போகும் என்று நீயே சொல். அதைப் பார்த்துத்தான் மல்லிகா உன் சைக்கிளை ஷெட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள். கூடவே ஒரு துணிப்பையில் உன் மீட்டர், உன் சென்சார்கள், நெஞ்சில் கட்டுகிற அந்தப் பட்டை.

"ஊட்டுல சும்மாதான் கெடக்குதுங்க அண்ணி. நீங்களாச்சும் ஓட்டுங்க" என்றாள். சைக்கிளைத் துடைத்துக்கொண்டு வந்திருந்தாள். சங்கிலிக்கு எண்ணெய்கூடப் போட்டிருந்தாள்.

அந்த மீட்டரை ஏற்பாடு செய்ய எங்களுக்கு ஒரு முழுக் காலை ஆயிற்று. ஒயரே இல்லாத சாமான். எது எதோடு பேசுகிறது என்று கண்ணுக்குத் தெரிந்தால்தானே பிடிபடும்? ஹேண்டில்பாரில் மீட்டரை வைத்துத் திருகினேன், பிடித்துக்கொண்டது. திரையைப் போட்டேன். வேகத்துக்கு ஒரு கோடு, தூரத்துக்கு ஒரு பூச்சியம். சக்கரத்தின் அச்சில் ரப்பர் பட்டையால் கட்டிய சென்சார் செத்துக் கிடந்தது. மூடியைத் திறந்தால் காசு மாதிரி ஒரு பேட்டரி. கொல்லங்கோட்டில் வாட்ச் கடையில் வாங்கிவரச் சொல்லி மாற்றினேன். அப்போதும் மீட்டர் தேடிக்கொண்டே இருந்தது. தேடுகிறது, தேடுகிறது, ஒன்றும் கிடைக்கவில்லை என்கிறது.

"சக்கரத்தச் சுத்துங்க அண்ணி. சுத்துனாத்தான் அது முழிக்கும்" என்றாள் மல்லிகா.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெனம் காலைல நாந்தானுங்க சுத்துவேன். அவரு ஷூ லேஸ் கட்டறதுக்குள்ள."

பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து ஒரு சுற்று விட்டாள். சின்னப் பச்சை வெளிச்சம் மினுங்கியது. மீட்டரில் எண் ஓடியது. பெடலை ஒரு மிதி மிதித்ததும் அதன் தண்டில் ஒட்டிய இரண்டாவது சென்சாரும் விழித்துக்கொண்டது. அதுவரை நான் மல்லிகாவை அடுப்படிப் பெண் என்றே நினைத்து வைத்திருந்தேன். உன் சவாரியில் பாதி அவள் கையில் இருந்திருக்கிறது.

பட்டைதான் படுத்தியது. ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு, சட்டைக்குள் கையை விட்டு, மார்புக்குக் கீழே மாட்டினேன். இழுத்தேன், இறக்கினேன். மீட்டர் என்னைச் செத்தவள் என்றே சொன்னது. "ஈரம் பண்ணோணுங்க" என்று மல்லிகா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து பட்டையின் உள்பக்கம் தடவினாள். அந்த நேரம் பார்த்து நம் மலையாளத்து லாரி டிரைவர் பைஜு கதவைத் தட்டி, பெட்டி இறக்க வேண்டாமா, உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்கிறான்.

"சேச்சீ, பெட்டி எறக்கண்டே? உள்ள எந்தா பரிபாடி?"

"உள்ள என் நெஞ்ச தேடிட்டு இருக்கறோம். கெடச்சதும் கதவத் தெறக்கறேன், போடா."

கிடைத்தது. திரையில் ஒரு இருதயப் படம் வந்தது, அதன் பக்கத்தில் எழுபத்தெட்டு. மேலே பெயர், ஆங்கிலத்தில்: செல்வம். பட்டைக்கு நீ உன் பெயரை வைத்திருந்தாய். உன் பெயருக்குக் கீழே என் நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. நானும் மல்லிகாவும் அதைப் பார்த்தோம். அவள் சொம்பை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். பெயரை மாற்ற வழி இருக்கிறது. மாற்றவில்லை.

அவள் திரும்பி வருவதற்குள் நான் கடைசி வேலையைச் செய்தேன். துடிப்பு அளவைத் தாண்டினால் மீட்டர் கத்தவேண்டும், அந்த அளவை நாம் சொல்லவேண்டும். டாக்டர் சொன்னது நூற்றிருபது. நான் போட்டது நூற்று முப்பத்தைந்து. கை தானாகப் போட்டது. நம் தொழிலில் உள்ள எண்ணை உள்ளபடி சொல்கிறவன் யார்? நூறு கிலோ மாங்காய் எடை நின்றால் காம்பு, பால், அழுகல் என்று ஐந்து கிலோ கழிவு தள்ளித்தான் கணக்கு. தோப்புக்காரன் கூட்டிச் சொல்வான், நான் குறைத்துக் கேட்பேன், இரண்டு பேருக்கும் நடுவில் எங்கேயோ உண்மை இருக்கும். டாக்டர் மட்டும் என்ன? அவரும் பத்துப் பதினைந்து தள்ளித்தான் சொல்லியிருப்பார். மல்லிகா வந்து எட்டிப் பார்த்தாள். எண்ணைப் பார்த்துவிட்டு, காலியான துணிப்பையை மடிக்க ஆரம்பித்தாள்.

ஒரு வாரம் ஓட்டினேன். செல்வா, எனக்கு இது பிடித்துவிட்டது. சைக்கிள் மேல் ஏறினால்தான் உள்ளே ஓடுகிற ஓட்டம் கொஞ்சம் நிற்கிறது. நீ தினம் போன அதே வழியில் சுள்ளியாறு டேம் வரை. அந்தக் கடைசி ஏற்றத்தில் மூச்சு முட்டும், காது அடைக்கும். மீட்டரைப் பார்ப்பேன், நூற்று முப்பது. கத்தவில்லையே, போகலாம் என்று மிதிப்பேன். மேலே போய் நின்று தண்ணீரைப் பார்க்கும்போது கை நடுங்கும். அது சந்தோஷ நடுக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்று மட்டும் உறுத்தியது. ஷெட்டிலிருந்து டேம் எத்தனை தூரம் என்று நம் லாரி ஓடி ஓடி எனக்கு மனப்பாடம். உன் மீட்டர் குறைத்துக் காட்டியது. ஒருநாள் இல்லை, எல்லா நாளும். எடைமேடை தப்பாகக் காட்டினால் நான் சும்மா விடுவேனா? சைக்கிளைத் தரையில் நிறுத்தி, காற்றடிக்கும் மூக்கு அடியில் வரும்படி வைத்து, சாக்பீஸால் கோடு போட்டேன். ஒரு முழுச் சுற்று உருட்டி, மூக்கு மறுபடி அடியில் வந்ததும் இன்னொரு கோடு. டேப் பிடித்து அளந்தேன். மீட்டருக்குள் நீ போட்டு வைத்திருந்த சக்கரச் சுற்றளவு அதைவிட ஓர் உள்ளங்கை அகலம் குறைவு. நூற்றுக்கு ஐந்து.

கழிவு. நீ உன் சொந்த ஓட்டத்துக்கே கழிவு தள்ளியிருக்கிறாய். மீட்டர் குறைத்துக் காட்டினால் ஆள் கூட ஓட்டுவான் என்ற கணக்கு. எனக்கு அப்படியொரு சிரிப்பு. நீ போனபிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். நேராக உன் வீட்டுக்குப் போய் மல்லிகாவிடம் சொன்னேன்.

"உன்ற ஊட்டுக்காரன் பண்ணின வேலையப் பாரு. ஓடுன தூரத்துக்கே கழிவு போட்டிருக்கான்."

அவள் சிரிக்கவில்லை. கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"தூரத்துல மட்டும் இல்லீங்க அண்ணி."

"பின்ன?"

"டாக்டரு அவருக்கும் நூத்தியிருபதுன்னுதான் சொன்னாரு. இவரு நூத்தி முப்பத்தஞ்சு போட்டாரு. ஏனுங்க இப்படின்னு கேட்டேன். 'எவனாச்சும் உள்ள நம்பர அப்படியே சொல்லுவானா, போடி'ன்னாரு." முறத்தைச் சுவரோரம் நகர்த்தினாள். "அன்னிக்கு ஷெட்ல நீங்களும் அதையே போட்டு வெச்சிருந்தீங்க. அச்சா அதே நம்பரு. சொல்ல வாய் வரலீங்க. ஒரு வாரமா எனக்குச் சோறு எறங்கல."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள், உட்கார்ந்தேன்.

"அந்த நம்பர எறக்கலைன்னா சைக்கிள நான் எடுத்துட்டு வந்துருவேனுங்க அண்ணி. ஒருத்தருக்குச் சக்கரம் சுத்தி உட்டது போதும்."

உன்னைக் கொண்டுபோனது அதுதானா, செல்வா? நீ போன அன்று சைக்கிளைத் தொடவேயில்லை. சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவன். டாக்டரைக் கேட்டால், இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்கிறார். வியாபாரத்தில் இப்படி ஒரு பதிலை வைத்துக்கொண்டு யாராவது தோப்பு பிடிக்க முடியுமா? இந்தக் கேள்வியை மட்டும் நான் பிடித்து வைத்திருக்கிறேன். விடவும் முடியவில்லை, விலை போடவும் முடியவில்லை.

மல்லிகா எதிரிலேயே டாக்டருக்குப் போன் போட்டேன். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது.

"டாக்டர், நூத்தியிருபதுன்னு சொன்னீங்களே, அதுல எவ்வளவு கழிவு வெச்சுச் சொன்னீங்க?"

"கழிவுன்னா?"

"உள்ளது நூத்தி முப்பத்தஞ்சா இருந்து, நான் மீறுவேன்னு தெரிஞ்சு கொறச்சுச் சொன்னீங்களான்னு கேக்கறேனுங்க."

"கொஞ்சம் தள்ளித்தாம்மா சொல்லுவோம். எவ்வளவுன்னு எனக்கே தெரியாது. ஆனா அந்தத் தள்ளுன மிச்சம் நீங்க செலவு பண்றதுக்கு இல்ல. உங்க நெஞ்சோட அவசரச் செலவுக்கு."

எனக்கு நம் பெட்டி நினைவுக்கு வந்தது. மாங்காய்க்கு மேலே பேப்பர் சுருட்டி வைக்க நாலு விரல் இடம் விடுகிறோம். இடம் சும்மாதானே இருக்கிறது என்று அங்கேயும் காய் அடைத்தால் லாரி பொள்ளாச்சி தாண்டுவதற்குள் மேல்வரிசை முழுக்க நசுங்கிவிடும். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவன் செய்கிற தப்பு அது. நீயும் நானும் எத்தனை பேரைத் திட்டியிருப்போம்? நம் நெஞ்சில் அதையே செய்திருக்கிறோம்.

அன்றே எண்ணை இறக்கினேன். நூற்றிருபது. மல்லிகா கண்ணால் பார்த்தபிறகுதான் சைக்கிளைத் தொடவிட்டாள்.

இப்போது அது கத்துகிறது. டேம் ஏற்றம் தொடங்கிக் கொஞ்ச தூரத்திலேயே, புளியமரத்துக்கு இந்தப் பக்கமே, விடாமல் கத்தும். இறங்கித் தள்ளவேண்டும். நான், இறங்கி, தள்ளவேண்டும். தோப்புக்கு மருந்தடிக்கப் போகிறவர்கள் எல்லாம் பார்க்கிறார்கள். முதல்நாள் பைஜு வண்டியை மெதுவாக்கிக்கொண்டு வந்தான்.

"எந்தா சேச்சீ, சேச்சி சைக்கிளைக் கொண்டு போறதோ, சைக்கிள் சேச்சியைக் கொண்டு போறதோ?"

"ரெண்டு பேரும் பேசிக்கிட்டு நடக்கறோம். உனக்கென்ன, லாரிய ரோட்டப் பாத்து ஓட்டு."

ஏறிவிடலாம், இன்னும் பத்து மிதிதான் என்று கால் துடிக்கும். மீட்டரை அமுக்கிவிட்டால் சத்தம் நிற்கும், எந்தப் பொத்தான் என்றும் தெரியும். கை அங்கே போகிறது. போய், திரும்பி வருகிறது. பொறுமை வந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். திரையின் மேலே உன் பெயர் இருக்கிறது, அவ்வளவுதான்.

நேற்று புளியமரம் தாண்டி ஒரு பர்லாங்கு போனபிறகுதான் கத்தியது. ஷெட்டுக்கு வந்தபோது எலி வால் அளவுக்கு முதல் பூங்கொத்து வந்துவிட்டது என்று தோப்பிலிருந்து போன். இரண்டையும் உன்னிடம்தான் முதலில் சொல்லத் தோன்றியது.

சக்கரத்தில் நீ போட்ட கழிவை நான் திருத்தவில்லை. தூரத்தில் நீ தள்ளிய அந்த ஐந்து அப்படியே இருக்கட்டும். மீட்டருக்குத் தெரியாமல் தினமும் அந்தக் கொஞ்ச தூரம் உன் கணக்கில் ஓடுகிறேன். ஆனால் நெஞ்சில் கழிவு கிடையாது. இது உனக்கும் மல்லிகாவுக்கும் சேர்த்து நான் தருகிற வாக்கு. அது கத்தினால் இறங்குவேன். யார் பார்த்தாலும், எவ்வளவு பக்கத்தில் மேடு முடிந்தாலும், இறங்கித் தள்ளுவேன்.

உன் பெயருக்குக் கீழே அடித்துக்கொண்டிருக்கும்
உன் அக்கா,
ருக்குமணி