அரை விரல் குட்டையான பில்டர்

திண்டிவனம், 4-2-1963, திங்கள்

காலையில் வாசலில் கார் நின்ற இடத்தில் கறுப்பாக எண்ணெய்க் குளம். சனிக்கிழமைதான் ஆயில் மாற்றிப் புது பில்டர் போட்டோம்!

நாத்தனார் சாந்திமதியை வளவனூரிலிருந்து பதினைந்தாம் தேதி பிரசவத்துக்கு அழைத்துவர வேண்டும். “பஸ்ஸுல குலுங்க மாட்டேன், அண்ணி ஓட்டிக்கினு வந்தாதான் வருவேன்” என்று சொல்லியனுப்பியிருக்கிறாள்.

என் வீட்டுக்காரர், “அதுக்குள்ள சரியாவலன்னா வண்டியை வித்துடறேன் குசுமா, ஒரே பேஜாரு” என்கிறார். அவருக்கென்ன, ஓட்டுகிறவள் நான்.

6-2, புதன்

மெக்கானிக் இருதயராஜ் இன்னொரு பில்டர் போட்டார். அதுவும் ஒழுகுகிறது. “பில்டர் உக்கார்ற கிண்ணம் விரிசல் உட்டிருக்கும்மா” என்கிறார். கிண்ணத்தைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். விரிசல் எங்கே?

7-2

ஒழுகுகிறது.

8-2, வெள்ளி

முதலில் கழற்றிய பழைய பில்டர் இருதயராஜின் ஷெட்டில் குப்பையோடு கிடந்தது. புதியதற்குப் பக்கத்தில் நிறுத்தினேன். பருமன் ஒன்றேதான். ஆனால் புதியது அரை விரல் குட்டை! கிண்ணத்தில் எப்படி இறுகி உட்காரும்?

“வண்டிப் பேரு, வருஷம் எல்லாம் கரெக்டா சொல்லித்தாம்மா வாங்கினேன்” என்றார். அவர் மேல் தப்பில்லை. பிறகு யார் மேல்?

11-2, திங்கள்

பழைய பில்டரைச் செய்தித்தாளில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு விழுப்புரம் பஸ்ஸில் போனேன். என் வீட்டுக்காரரும் வந்தார்.

“யாருனா கேட்டா என்னன்னு சொல்றது?”

“ஊறுகாய்னு சொல்லுங்க.”

கடைக்காரர் சவுரிராயன், “எந்த வருஷத்து வண்டிங்க?” என்று ஆரம்பித்தார். “வருஷம் வேணாங்க, இது ஒசரத்துக்கு ஒண்ணு குடுங்க” என்று மேஜைமேல் வைத்தேன். அளந்து பார்த்துவிட்டு வண்டிப் பேரையும் வருஷத்தையும் கேட்டவர், “இது உங்க வண்டிக்கு உண்டானதே இல்லியேம்மா. பின்னால வந்த வண்டியோடது” என்றார்.

அப்போதுதான் புரிந்தது. இந்தப் பழைய காரை எங்களுக்கு விற்றவர் எஞ்சினையே மாற்றியிருக்கிறார். வண்டி கிழம், எஞ்சின் இளசு. “ஒரு வார்த்தை சொன்னானா அந்த ஆளு” என்று இவர் பஸ் முழுக்கப் புலம்பினார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

சாயங்காலம், அதே உயரத்தில் வாங்கிவந்த பில்டரை மாட்ட இருதயராஜ் வந்தார். கிண்ணம் பொருந்துகிற பள்ளத்தில் பழைய ரப்பர் வளையம் ஒட்டிக்கிடந்தது. என் கொண்டை ஊசியால் நெம்பி எடுத்தேன். எஞ்சினை வெகுநேரம் ஓடவிட்டோம். ஒரு சொட்டு? ம்ஹூம். பொழுது சாய்ந்தபின் எங்கள் சமண வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. அதையே மறந்து காருக்கடியில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். பட்டினி. பசிக்கவுமில்லை.

15-2, வெள்ளி

சாந்திமதியை அழைத்துவந்துவிட்டோம்.

போகும்போது இவர் முன்சீட்டில் கதவைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மாட்டுவண்டிக்கும் “மெதுவா, மெதுவா” என்று வந்தார். திரும்புகையில் விக்கிரவாண்டி தாண்டியும் பேச்சே இல்லை. கோபமோ? திரும்பிப் பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு நல்ல தூக்கம்.

“எழுப்பாதீங்க அண்ணி” என்றாள் சாந்திமதி.