மில் வாசலில் ஒட்டாத அறிவிப்பு

இன்று காலை லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்கப் போயிருந்தேன். மழையில் நனைந்த சாக்கு ஒன்றைக் கடைக்காரர் என் காலடியில் உதறினார். அந்தச் சணல் நாற்றம் மூக்கில் ஏறியது. காயை வாங்காமலே வீடு திரும்பிவிட்டேன். நீ செத்துப்போன பிறகு முதல் முறையாக உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பவானிபூரில் ஒரே அறையில், எதிரெதிர் மேஜையில் நாம் இருபது வருஷம் வக்கீல் தொழில் செய்தோம். எனக்குத் திவாலாகிற கம்பெனிகள், உனக்குத் தொழிலாளர் வழக்குகள். "நீ கருமாதி பண்ணு, நான் அழறவங்களுக்குத் தண்ணி குடுக்கறேன்" என்று கேலி செய்வாய். நானும் சிரிப்பேன். கம்பெனியைப் பிழைக்க வைக்கிறவன் என்றுதான் அப்போது என்னைப் பற்றி எனக்கு நினைப்பு.

அந்தச் சணல் மில் திவாலானபோது, அதன் பொறுப்பை ஏற்க நியமிக்கப்பட்டவருக்கு நான் வக்கீல். மில்லிடமிருந்து பாக்கி வரவேண்டியவர்கள் இந்தத் தேதிக்குள் மனு கொடுக்க வேண்டும் என்ற அறிவிப்பை எழுதியவன் நான்தான். ஆங்கிலப் பத்திரிகை ஒன்றிலும் வங்காளப் பத்திரிகை ஒன்றிலும் அது வந்தது. காப்பியை உறிஞ்சிக்கொண்டே படித்தாய். மில் குடியிருப்பில் பாதிப் பேர் தெலுங்கர்கள், மீதி பீகாரிகள், இதை யார் படிப்பார்கள் என்று கேட்டாய். ஹிந்தியிலும் தெலுங்கிலும் நாலு காகிதம் அடித்து வாசலில் ஒட்டச் சொல் என்றாய். சட்டம் கேட்பது இரண்டு பத்திரிகைதான் என்றேன். மனு குறைந்தால் கொடுக்க வேண்டிய பாக்கியும் குறையும், மில்லை வாங்குகிறவருக்கு அது சௌகரியம் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

கெடு முடிந்த பிறகுதான் அவர்களுக்கு விஷயம் எட்டியது. கிராஜுவிட்டி போய்விடுமே என்று பதறிக்கொண்டு உன்னிடம் வந்தார்கள். ஃபீஸ் வாங்காமல் அவர்களுக்காக ஆஜரானாய். தீர்ப்பாயத்தில் நீ பத்து நிமிஷம் பேசினாய். நான் ஒரு மணி நேரத்துக்கு மேல், வழுக்கிக்கொண்டு போகிற ஆங்கிலத்தில், கெடுவைத் தளர்த்தினால் மில்லையே காப்பாற்ற முடியாது என்று வாதாடினேன். அவர்கள் மனுக்கள் தள்ளுபடியாகின. காப்பாற்றிய மில்லில் இன்று ஒரு தறிகூட இல்லை. எல்லாம் பழைய இரும்புக்குப் போய், அங்கே அடுக்குமாடி எழும்புகிறது. தூ, இதற்கா அவ்வளவு பேசினேன்.

அந்த வெற்றிக்குக் கொடுத்த விருந்தில் வயிறு முட்டச் சாப்பிட்டதை நினைத்தாலும் அருவருப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது, நீ பார்த்தது.

தீர்ப்பு வந்ததும் தாழ்வாரத்தில், உன்னைப் பார்க்க வந்தவர்களில் இல்லாத ஒரு வயதான தொழிலாளி என்னிடம் வந்தார். ஆங்கிலம் தெரியாதவர். நடந்தது என்னவென்று அவருக்கு இன்னும் விளங்கவில்லை. அதிக நேரம் பேசியவன்தான் தங்கள் வக்கீல் என்று எண்ணிவிட்டார். எங்களுக்காக இவ்வளவு பேசினீர்களே ஐயா என்று ஹிந்தியில் சொல்லி, குனிந்து என் காலைத் தொட்டார். நான் அவர் தோளைத் தட்டி அனுப்பிவைத்தேன்.

ஃபைலைக் கட்டிக்கொண்டிருந்த நீ நிமிர்ந்து பார்த்தாய். "அந்தக் கும்பிடையும் வாங்கிக்கிட்டியேடா" என்றாய்.

நான் வழக்கில் ஜெயித்ததை நீ பொறுத்துக்கொண்டிருப்பாய். இன்றுவரை என்னைவிட்டுப் போகாதது அந்த ஒரு நிமிஷம்தான். உங்கள் வக்கீல் அதோ நிற்கிறார் என்று உன்னைக் காட்ட எனக்கு ஒரு விரல் போதும். அதைக்கூட நான் நீட்டவில்லை.