புது சிடியில் இருந்த பெண்

14.11.2007, புதன்

ஐஸ் ஹாக்கி கம்ப்யூட்டர் விளையாட்டு வருடா வருடம் புதிதாக வருகிறது. எங்களிடம் இருப்பது போன வருடத்து சிடி. இந்த வருடத்து சிடியைக் கடையில் கேட்டு ஒரு நாளைக்கு எடுத்து வந்தான் அண்ணன்.

"பழசு மாதிரியேதான்னா நாளைக்குத் திருப்பிக் குடுத்தரலாம். பாத்துச் சொல்லு கண்ணு."

அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறார். சாம்பிளையும் புதுப் பீஸையும் அருகருகே வைத்துத்தான் பார்ப்பார். நானும் அப்படியே இரண்டு சிடிகளையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். பனித்தரை, வர்ணனை, கூட்டம் எல்லாம் அதேதான். முன்வரிசையில் சிவப்பு மப்ளர் கட்டிய பெண் மட்டும் வேறு. பழையதில் ஆட்டத்தைப் பார்ப்பாள். புதியதில் எங்களைப் பார்த்தாள்.

"அண்ணா, அவங்க நம்மளையே பாக்கறாங்க."

"பாத்தா பாத்துட்டுப் போறாங்க. உன்னையென்ன பொண்ணு பாக்கவா வந்திருக்காங்க? வாங்கலாமா, வேண்டாமா?"

"வேண்டாங்கண்ணா."

சரியென்று பழைய சிடியைப் போட்டு ஆட ஆரம்பித்தான். முன்வரிசையில் அவள் இடம் காலியாக இருந்தது. அண்ணன் கவனிக்கவில்லை.

காலையில் புது சிடி கடைக்குப் போய்விடும். அவளும் அதோடு போவாளா, தெரியவில்லை. நான் வேண்டாம் என்றபோது அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.